இரண்டு முறை தொழிலை இழந்தவர், கார் ரேடியோவால் எழுந்தது எப்படி? மோட்டோரோலாவை உருவாக்கிய பால் கால்வின் கதை!

கார் வாங்கி ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். இன்ஜினில் பிரச்சனை இல்ல, ஏசியிலும் பிரச்சனை இல்ல. ஆனா கம்பெனியிலேயே பொருத்திக் கொடுத்த ஸ்டீரியோ மட்டும் மக்கர் பண்ண ஆரம்பிக்கும். டிஸ்ப்ளே மங்கும், ஒரு பக்க ஸ்பீக்கர் பாடாது, ப்ளூடூத் கனெக்ட் ஆகாது. சர்வீஸ் சென்டரில் விலை கேட்டால் தலை சுற்றும். உடனே பலரும் போவது கார் ஆக்சஸரீஸ் கடைக்குத்தான். பழையதைக் கழற்றிவிட்டு, வேறு கம்பெனி ஸ்டீரியோ ஒன்றை மாட்டிக்கொண்டு சில மணி நேரத்தில் பாட்டு கேட்டபடியே வீடு திரும்பலாம்.

இப்படி கார் கம்பெனி கொடுக்காமல், வெளியே தனியாக வாங்கிப் பொருத்தும் பாகங்களுக்கு ஆஃப்டர்மார்க்கெட் என்று பெயர். இது ஏதோ புதுசா வந்த பழக்கம் இல்ல. சொல்லப்போனால், காருக்குள் பாட்டு கேட்கும் வழக்கமே இப்படி வெளியே வாங்கிப் பொருத்தியதில் இருந்துதான் பரவியது. அந்தத் தொழிலுக்குப் பெரிய அளவில் வழி போட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவைச் சேர்ந்த பால் கால்வின். மோட்டோரோலா என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கு செல்போன்தான் ஞாபகம் வரும். ஆனா அந்தப் பெயர் பிறந்ததே கார் ரேடியோவுக்காகத்தான்!

யார் இந்த பால் கால்வின்?

பால் வின்சென்ட் கால்வின் 1895 ஜூன் 29-ம் தேதி, அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் உள்ள ஹார்வர்டு என்ற சின்ன ஊரில் பிறந்தார். புகழ்பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் இல்ல. இது சிகாகோவுக்கு வடமேற்கே உள்ள ஒரு ரயில்வே ஊர்.

ரயில் நின்றால் அங்கே வியாபாரம் நடக்கும். பள்ளிப் பருவத்திலேயே கால்வின், ரயில் பயணிகளிடம் பாப்கார்ன் விற்றார். சரக்கு எங்கே தேவைப்படுகிறதோ, அங்கே கொண்டுபோய் நிற்க வேண்டும் என்பது அவருக்குச் சின்ன வயதிலேயே பழகிப்போன விஷயம். பின்னாளில் அதே வழிதான் அவருக்குக் கைகொடுத்தது.

இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் பட்டம் முடிக்கவில்லை. முதல் உலகப் போரில் பீரங்கிப் படை அதிகாரியாகப் பணியாற்றினார். போர் முடிந்து திரும்பியதும், சிகாகோவில் பேட்டரி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இருந்துதான் சொந்தத் தொழில் ஆசை தொடங்கியது.

முதல் அடி, இரண்டாவது அடி

1921-ல் எட்வர்ட் ஸ்டூவர்ட் என்ற நண்பருடன் சேர்ந்து, விஸ்கான்சின் மாநிலத்தின் மார்ஷ்ஃபீல்டு நகரில் பேட்டரி கம்பெனி தொடங்கினார் கால்வின். இரண்டே ஆண்டுகள்தான். 1923-ல் வரி பாக்கிக்காக அரசு அந்த ஆலையை மூடியது. கையில் காசு இல்லாமல் சிகாகோ திரும்பிய கால்வின், மிட்டாய் கம்பெனி அதிபர் எமில் பிராக்கிடம் தனிச் செயலாளராக வேலைக்குச் சேர்ந்தார்.

ஆனாலும் தொழில் ஆசை விடவில்லை. 1926-ல் மீண்டும் ஸ்டூவர்ட்டுடன் சேர்ந்து சிகாகோவில் பேட்டரி தொழிலில் இறங்கினார். இந்த முறை பேட்டரி எலிமினேட்டர் என்ற கருவியையும் கையில் எடுத்தார்கள்.

அது என்ன எலிமினேட்டர்? அந்தக் காலத்து வீட்டு ரேடியோக்கள் பேட்டரியில் ஓடின. பேட்டரி அடிக்கடி தீர்ந்துவிடும். பழைய ரேடியோவைத் தூக்கிப் போடாமல், வீட்டு மின்சாரத்திலேயே ஓட வைக்க உதவிய இடைக்கருவிதான் எலிமினேட்டர். அதாவது, ஏற்கெனவே இருக்கும் பொருளோடு வெளியே வாங்கிய ஒரு பாகத்தைச் சேர்த்துப் புது உயிர் கொடுப்பது.

ஐடியா நல்லா இருந்தாலும் கம்பெனி நிலைக்கவில்லை. 1928-ல் அதுவும் திவாலானது. கால்வினுக்கு வயது 33. மனைவி, குழந்தை, கடன். எல்லாம் முடிந்தது என்று பலரும் ஒதுங்கும் இடம் அது.

565 டாலர், 5 பேர்

கம்பெனியின் சொத்துகள் ஏலத்துக்கு வந்தபோது, எலிமினேட்டர் தயாரிப்புப் பிரிவை மட்டும் 750 டாலருக்குத் திரும்ப எடுத்தார் கால்வின். தம்பி ஜோசப் கால்வினையும் சேர்த்துக்கொண்டு, 1928 செப்டம்பர் 25-ம் தேதி சிகாகோவின் ஹாரிசன் தெருவில் ஒரு வாடகை இடத்தில் கால்வின் மேனுஃபேக்சரிங் கார்ப்பரேஷன் தொடங்கியது. கையிருப்பு 565 டாலர். ஊழியர்கள் 5 பேர். முதல் வாரச் சம்பளச் செலவு 63 டாலர்.

ஆனா எலிமினேட்டருக்கு ஆயுசு குறைவு என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. நேரடியாக வீட்டு மின்சாரத்தில் ஓடும் ரேடியோக்கள் சந்தைக்கு வந்துவிட்டன. ரேடியோவே மாறிய பிறகு இடைக்கருவிக்கு என்ன வேலை? கால்வினும் வீட்டு ரேடியோ தயாரித்து, மற்ற வியாபாரிகளின் பெயரில் விற்க ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து இடி விழுந்தது. 1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. பெரிய கம்பெனிகள் தங்கள் சரக்கைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டன. சின்ன கம்பெனியான கால்வினால் அந்த விலைக்குப் போட்டி போட முடியவில்லை. மூன்றாவது தோல்வி வாசலில் நின்றது.

வீட்டில் விற்காவிட்டால் காரில்!

வீட்டு ரேடியோவுக்குப் போட்டி அதிகம். ஆனா ரோட்டில் ஓடிய கார்களில் பெரும்பாலானவற்றில் ரேடியோ இல்லை. கால்வினின் கண் அங்கே போனது.

காரில் ரேடியோ வைக்கும் யோசனை அவருடையது மட்டும் அல்ல. 1920-களிலேயே பலர் முயன்று பார்த்திருந்தார்கள். விலை அதிகம், பெட்டி பெரிசு, சத்தத்தை விட இரைச்சல்தான் கூடுதல் என்பதால் அது பரவவில்லை. கால்வின் பிடித்த இடம் வேறு. சாதாரணக் காருக்குப் பொருந்தக்கூடிய, ஓரளவு கட்டுப்படியாகும் விலையில் ஒரு ரேடியோ வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

இந்த வேலையில் கைகோத்தவர்கள் இரண்டு இளைஞர்கள். ஒருவர் வில்லியம் லியர். பின்னாளில் லியர்ஜெட் விமானங்களையும், காரில் பாட்டு கேட்கும் 8 டிராக் டேப்பையும் உருவாக்கியவர் இவர்தான். இன்னொருவர் எல்மர் வேவரிங். பின்னாளில் மோட்டோரோலாவின் தலைவர் பொறுப்பு வரை உயர்ந்தவர்.

ரேடியோவை வைப்பதில் அப்படி என்ன சிக்கல்?

இன்று ஸ்டீரியோ மாற்றுபவர்கள் சந்திக்கும் அதே மூன்று சிக்கல்கள்தான் அன்றும் இருந்தன. மின்சாரம், இரைச்சல், இடம்.

முதலில் மின்சாரம். அன்றைய ரேடியோ வால்வுகளில் ஓடியது. வால்வுக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். கார் பேட்டரி கொடுத்ததோ 6 வோல்ட். அதனால் ரேடியோவுக்கென்றே தனி பேட்டரிகளை, காரின் தரைப் பலகைக்கு அடியில் வைக்க வேண்டியிருந்தது. அவை தீர்ந்தால் மாற்ற வேண்டும். பிறகு வைப்ரேட்டர் என்ற கருவி வந்தது. அது 6 வோல்ட்டையே உயர் வோல்டேஜாக மாற்ற உதவியதால், தனி பேட்டரித் தொல்லை ஒழிந்தது.

அடுத்து இரைச்சல். இதுதான் பெரிய தலைவலி. பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு முறை பொறி விடும்போதும், அதுவே ஒரு குட்டி ரேடியோ நிலையம் மாதிரி அலைகளை வீசும். ஜெனரேட்டரும் தன் பங்குக்கு இரையும். இன்ஜின் ஓடாதபோது தெளிவாகப் பாடும் ரேடியோ, சாவியைத் திருப்பியதும் படபடவென்று பொரியும். இதற்குத் தீர்வாக ஸ்பார்க் பிளக் வயர்களில் ரெசிஸ்டர்களும், ஜெனரேட்டரில் கண்டன்சரும் பொருத்தப்பட்டன. ரேடியோ பெட்டிக்கு உலோகக் கவசம் போடப்பட்டது.

மூன்றாவது இடம். டேஷ்போர்டில் ரேடியோவுக்கென்று ஓட்டை எதுவும் கிடையாது. பெட்டியை ஒரு பக்கம் மறைக்கணும், ஸ்பீக்கரை இன்னொரு பக்கம் தொங்கவிடணும், கட்டுப்பாட்டுக் குமிழை ஸ்டியரிங் அருகே கொண்டுவரணும். ஆன்டெனாவுக்காக மேற்கூரையின் உள்துணியைப் பிரிக்கணும். ஒரு காருக்குப் பொருத்தவே நாட்கணக்கில் ஆகும். ஒவ்வொரு கார் மாடலுக்கும் வயரிங் வேறு. ஒரு காரில் சரியாக வந்தது இன்னொன்றில் வராது.

பேங்க் மேனேஜர் கார் தீப்பிடித்த கதை

கால்வின் பற்றி அடிக்கடி சொல்லப்படும் ஒரு சம்பவம் உண்டு. தொழிலுக்குக் கடன் கேட்டு வங்கியாளர் ஒருவரை அணுகினார். நல்லெண்ணம் சம்பாதிக்க, அவருடைய பேக்கார்டு காரிலேயே ரேடியோவைப் பொருத்திக் கொடுத்தார்கள். பொருத்தி முடித்து அரை மணி நேரம்தான். கார் தீப்பிடித்துவிட்டதாம்! கடன் கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேட்க சிரிப்பாக இருந்தாலும், அன்று கால்வினுக்கு அது சிரிப்பு இல்ல. ரேடியோ நல்லதா கெட்டதா என்பதை விட, அதை யார் எப்படிப் பொருத்துகிறார்கள் என்பதுதான் தன் கம்பெனியின் உயிர் என்பதை அது காட்டிக்கொடுத்தது. வயர் ஒன்று தவறினால் வாடிக்கையாளரின் கார் போகும், கம்பெனியின் பெயரும் போகும்.

ஸ்டால் இல்லை, காரே ஸ்டால்!

1930 ஜூன் மாதம், அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாடு. அதற்குள் ஒரு ரேடியோவையாவது ஓடும் நிலையில் கொண்டுவர வேண்டும் என்று கால்வினின் குழு இரவு பகலாக வேலை பார்த்தது. கடைசியில் கால்வினின் சொந்த ஸ்டூடிபேக்கர் காரிலேயே அதைப் பொருத்தினார்கள்.

சிகாகோவில் இருந்து அட்லாண்டிக் சிட்டி சுமார் 800 மைல், அதாவது ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். ரேடியோ வழியில் நின்றுபோனால் கதை அதோடு முடிந்தது. கால்வின் காரை ஓட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

மாநாட்டில் ஸ்டால் எடுக்கப் பணம் இல்லை. அதனால் காரை வெளியே நிறுத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்தார். போகிற வருகிற வியாபாரிகளை அழைத்து, காரில் உட்காரவைத்துக் கேட்கச் சொன்னார். ரயில் நிலையத்தில் பாப்கார்ன் விற்ற பையன் செய்ததும் இதுதான். கூட்டம் எங்கேயோ, அங்கே சரக்கு!

ஆர்டர்கள் வந்தன. மோட்டார் என்ற சொல்லையும், அந்தக் காலத்து இசைக் கருவிகளின் பெயர்களில் வழக்கமாக வந்த ஓலா என்ற முடிவையும் சேர்த்து, ரேடியோவுக்கு மோட்டோரோலா என்று பெயர் வைத்தார் கால்வின். ஓடும் வண்டியில் ஒலி என்பதுதான் அதன் பொருள்.

விலை என்ன? பொருத்தும் கூலியோடு சேர்த்து சுமார் 110 முதல் 130 டாலர். அப்போது ஒரு சாதாரண ஃபோர்டு காரே சுமார் 500 டாலருக்குக் கிடைத்தது. யோசித்துப் பாருங்கள், கார் விலையில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு ரேடியோவுக்கே! அதனால் முதல் ஆண்டே பணம் கொட்டிவிடவில்லை. 1930-ஐ கம்பெனி நஷ்டத்தில்தான் முடித்தது.

விற்றது ரேடியோவை மட்டும் அல்ல

அடுத்த சில ஆண்டுகளில் கால்வின் செய்ததுதான் இந்தக் கதையின் திருப்பம். ரேடியோ தயாரித்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. அதைச் சரியாகப் பொருத்தத் தெரிந்த ஆட்கள் வேண்டும். எல்மர் வேவரிங் போன்றவர்கள் வியாபாரிகளுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பொருத்தும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். மக்கள் வழக்கமாக வண்டியை விடும் டயர் கடைகளிலேயே ரேடியோ விற்கவும் பொருத்தவும் ஏற்பாடு வந்தது. பி.எஃப். குட்ரிச் டயர் கடைகளுடன் செய்த ஏற்பாடு அதில் முக்கியமானது. விலையும் படிப்படியாகக் குறைந்தது.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. ரேடியோ கேட்டுக்கொண்டே ஓட்டினால் கவனம் சிதறும், விபத்து நடக்கும் என்று 1930-களில் அமெரிக்காவில் விவாதம் கிளம்பியது. தடை கொண்டுவரலாமா என்றுகூட சில இடங்களில் பேசப்பட்டது. இன்று காரின் பெரிய டச் ஸ்கிரீன் பற்றி நடக்கும் அதே விவாதம்தான்!

மெல்ல மெல்ல கார் கம்பெனிகளே ரேடியோவை ஆலையில் பொருத்திக் கொடுக்க ஆரம்பித்தன. அதாவது, முதலில் வந்தது ஆஃப்டர்மார்க்கெட். கம்பெனி ஸ்டீரியோ என்பது அதைப் பார்த்துப் பின்னால் வந்தது.

காரில் இருந்து போர்க்களத்துக்கு

ஓடும் வண்டியில், இரைச்சலுக்கு நடுவில், ஆட்டத்தைத் தாங்கி வேலை செய்யும் ரேடியோ. இந்த அனுபவம் வேறு கதவுகளையும் திறந்தது. 1936-ல் போலீஸ் வாகனங்களுக்கான ரேடியோ ரிசீவர் வந்தது. இரண்டாம் உலகப் போரில் கையில் பிடிக்கும் ஹேண்டி டாக்கியும், டேனியல் நோபிள் தலைமையிலான குழு உருவாக்கிய, முதுகில் சுமக்கும் வாக்கி டாக்கியும் அமெரிக்கப் படைக்குப் போயின.

வெளியே வெற்றி, வீட்டிலோ துயரம். 1942-ல் கால்வினின் மனைவி லில்லியன் அவர்களுடைய வீட்டிலேயே கொலை செய்யப்பட்டார். குற்றவாளி கடைசி வரை சிக்கவில்லை. 1944-ல், ஆரம்பத்தில் இருந்தே தோள் கொடுத்த தம்பி ஜோசப்பும் இறந்துபோனார். அதற்குப் பிறகும் கால்வின் கம்பெனியை விடவில்லை.

கார் ரேடியோவின் பெயர் அவ்ளோ பிரபலமாகிவிட்டதால், 1947-ல் கம்பெனியின் பெயரே மோட்டோரோலா என்று மாறியது. அதே ஆண்டு ஊழியர்களுக்கு லாபத்தில் பங்கு தரும் திட்டமும் வந்தது. 1948-ல் 200 டாலருக்கும் குறைவான விலையில் டிவி கொண்டுவந்தார்கள். 1949-ல் ஃபீனிக்ஸ் நகரில் ஆராய்ச்சிக் கூடம் தொடங்கப்பட்டது. 1955-ல் மோட்டோரோலா கொண்டுவந்த ஜெர்மேனியம் பவர் டிரான்சிஸ்டர் முதலில் பயன்பட்டது எதில் தெரியுமா? கார் ரேடியோவில்தான். வால்வுகளும் வைப்ரேட்டரும் காரை விட்டு இறங்க அது வழி செய்தது. எலிமினேட்டரை வேறொரு தொழில்நுட்பம் முடித்துவைத்ததைக் கண்ட கால்வின், இந்த முறை மாற்றத்துக்காகக் காத்திருக்கவில்லை.

1956-ல் மகன் ராபர்ட் கால்வின் தலைவர் பொறுப்புக்கு வந்தார். 1959 நவம்பர் 5-ம் தேதி, ரத்தப் புற்றுநோயால் பால் கால்வின் காலமானார். வயது 64. அவர் மறைந்து 14 ஆண்டுகள் கழித்து, 1973-ல் கையில் பிடித்துப் பேசும் முதல் செல்போன் அழைப்பு அதே மோட்டோரோலாவில் இருந்துதான் செய்யப்பட்டது.

இப்போ ஸ்டீரியோ மாற்றினால் என்ன கவனிக்கணும்?

கால்வின் காலத்து மூன்று சிக்கல்களும் இன்றைக்கும் அப்படியே பொருந்தும்.

இடம்: ஸ்டீரியோ அளவுக்கு இப்போ ஒரு தரம் இருக்கிறது. சிங்கிள் டின் என்றால் முன்பக்கம் சுமார் 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். டபுள் டின் என்றால் உயரம் இரண்டு மடங்கு. உங்க காரின் அளவு தெரியாமல் வாங்கினால் டேஷ்போர்டை அறுக்க வேண்டிவரும். மாடலுக்கு ஏற்ற ஃப்ரேம் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மின்சாரம்: ஸ்டீரியோவுக்கு முக்கியமாக மூன்று இணைப்பு. எப்போதும் 12 வோல்ட் வரும் வயர், சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் வயர், எர்த் வயர். முதல் இரண்டும் மாறினால் செட்டிங்ஸ் அழியும், இல்லையென்றால் வண்டி நிற்கும்போதும் பேட்டரி இறங்கும். காரின் ஒரிஜினல் வயரை வெட்டாமல், மாடலுக்கான கப்ளர் வாங்கி இணைப்பதே பாதுகாப்பு. ஃபியூஸ் இல்லாமல் ஆம்ப்ளிஃபையருக்கு பேட்டரியில் இருந்து நேரடி வயர் இழுக்கவே கூடாது. பேக்கார்டு கதையை மறக்காதீங்க!

இரைச்சல்: ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு விசில் சத்தம் கூடினால், அது ஆல்டர்னேட்டரில் இருந்து வரும் சத்தம். பெரும்பாலும் எர்த் இணைப்பு சரியில்லாததுதான் காரணம். புது ஸ்டீரியோ கெட்டுப்போச்சு என்று நினைக்கும் முன், எர்த் வயரைச் சுத்தமான உலோகத்தில் இறுக்கமாக மாட்டச் சொல்லுங்கள்.

புதிய கார்களில் ஸ்டியரிங் பட்டன், ரிவர்ஸ் கேமரா, சில நேரம் ஏசி கட்டுப்பாடுகூட ஸ்டீரியோவோடு இணைந்திருக்கும். அதனால் கழற்றுவதற்கு முன், புதுசில் எது வேலை செய்யும், எது செய்யாது என்று கேட்டுவிடுங்கள். வாரண்டிக்கு பாதிப்பு வருமா என்பதையும் விசாரியுங்கள்.

எந்த பிராண்டு என்று கடையில் கேட்பதற்கு முன், பொருத்தப்போவது யார் என்று கேளுங்கள். 1930-ல் ஒரு கார் எரிந்த பிறகு கால்வின் கற்றுக்கொண்டதும் அதுதான்.